கழுத்தை அறுக்கும் புகழுரை



மாலை மதரஸாவில் ஓத வருகின்ற பிள்ளைகள், குர்ஆன் பாடம் முடிந்த பின்னர், பள்ளிக்கூடப் பாடங்களிலும் ஐயம் கேட்பதுண்டு. ஆங்கிலம் எனக்கு அரைகுறைதான். ஆயினும் அண்மையில் ஒரு சிறுவன் கொண்டுவந்த ஐயம் மொழியைப் பற்றியதோடு நிற்கவில்லை. 'ஃபிளாட்டர்' என்றொரு வினைச்சொல். அகராதியில் 'புகழ்தல்' என்றிருக்கிறது. ஆசிரியரோ அது நல்ல சொல் அன்று என்று கூறிவிட்டாராம். "ஹஜ்ரத், ஒருவரைப் புகழ்வது நல்ல காரியந்தானே? அது எப்படிக் கெட்ட சொல்லாகும்?" என்று அவன் வினவினான்.

ஏதோ ஒரு விடையைக் கூறி அவனை அனுப்பிவிட்டேன். அவன் சென்ற பிறகு, கருக்களாச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் முகம் என் நினைவில் வந்து நின்றது. காரைக்கால் கடற்கரையில் உள்ள மீனவர் குடியிருப்பு அவ்வூர். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த அம்மையார் பள்ளிவாசல் வாயிலில் நின்று என்னிடம் கேட்ட கேள்வியும் ஏறத்தாழ இதுவேயாகும். அதற்கும் அன்று என்னிடம் விடையில்லை. அதனைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் அச்சிறுவன் கேட்ட சொல்லை எடுத்துக்கொள்வோம்.

நமக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, உள்ளத்தில் இல்லாததை உதட்டால் மொழிந்து ஒருவரைப் புகழ்வதே 'ஃபிளாட்டர்' என்பதன் முதற்பொருள். ஆனால் ஆங்கிலம் பேசுவோர் அதனை வேறு வகைகளிலும் வழங்குகின்றனர். ஒருவர் தம்மைப் பாராட்டினால், 'ஐ ஆம் ஃபிளாட்டர்ட்' என்பர். தங்கள் பாராட்டு எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது, ஆனால் அது என் தகுதிக்குச் சற்று மிகை என்னும் பணிவு அதில் தொனிக்கும். ஓர் உடையோ நிழற்படமோ ஒருவரை உள்ளதைவிட அழகாகக் காட்டினால், அது அவரை 'ஃபிளாட்டர்' செய்கிறது என்பர். தன்னைத்தானே பெரியவனாக எண்ணிக்கொள்பவனை நோக்கி, 'டோன்ட் ஃபிளாட்டர் யுவர்செல்ஃப்' என்று கடிந்துரைப்பர். விளையாட்டுச் செய்தி எழுதுவோர், முதலில் நம்பிக்கையூட்டிவிட்டு இறுதியில் கைவிடுகின்ற அணியைக் குறிக்க 'ஃபிளாட்டர் டு டிசீவ்' என்னும் தொடரைக் கையாள்வர். எல்லா வழக்குகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: உள்ளது ஒன்று, காட்டப்படுவது அதனினும் பெரிது.

இச்சொல் ஆங்கிலத்திற்குப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர். பிரெஞ்சு என்றால் எங்கள் ஊருக்கு அயல் மொழி அன்று. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரரின் கைக்கு வந்து, 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய நிருவாகத்திற்கு மாறி, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த மண். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களை மக்கள் இன்றும் 'சொல்தா' என்றே அழைக்கின்றனர். அத்தகைய பெரியவர் ஒருவரிடம் இச்சொல்லைப் பற்றி விசாரித்தேன். அவர் சிரித்தார். 'ஃபிளத்தே' என்று அதனை ஒலித்துக் காட்டிவிட்டு, குதிரையின் கழுத்தை உள்ளங்கையால் தடவிக் கொடுப்பதற்கும் அதே சொல்லைத்தான் பிரெஞ்சில் வழங்குவார்கள் என்றார். முரட்டுக் குதிரையை வசப்படுத்த வேண்டுமா? அதன் கழுத்தைத் தடவு. நாய் குரைக்காமலிருக்க வேண்டுமா? அதன் முதுகைத் தடவு. சொல்லின் வேரே உள்ளங்கையைக் குறிப்பது என்றும் மொழியறிஞர் கூறுவர்.

குதிரையின் கழுத்து என்று அவர் கூறியது என் நெஞ்சில் தைத்தது. ஏன் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

நம் தமிழ் வழக்கும் இதையே காட்டுகிறது. ஐஸ் வைக்கிறான் என்கிறோம். சோப்புப் போடுகிறான் என்கிறோம். காக்காய் பிடிக்கிறான் என்கிறோம். இக்கடைசித் தொடர் 'கால் கை பிடித்தல்' என்பதன் திரிபு என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வதுண்டு. (காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மூத்த சகோதரரைக் 'காக்கா' என்று அன்போடு அழைக்கின்றனர். அப்பெரியவர்கள் என்மீது வருத்தங்கொள்ள வேண்டா!) அரபு மொழியில் இதற்கு 'முதாஹனா' என்றொரு சொல் இருக்கிறது. 'துஹ்ன்' என்றால் எண்ணெய். அந்த வேரிலிருந்து பிறந்ததே முதாஹனா. எண்ணெய் தடவி வழவழப்பாக்குவது என்று பொருள்பட்டு, சத்தியத்தை விட்டுக்கொடுத்து இனிக்கப் பேசுவதைக் குறிக்கலாயிற்று. திருமறையின் 68ஆம் அத்தியாயமாகிய 'அல்கலம்' ஒன்பதாம் வசனத்தில் இவ்வேர்ச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சற்று வளைந்துகொடுத்தால் தாங்களும் வளைந்துகொடுக்கலாமே என்று மக்கத்து நிராகரிப்பாளர்கள் விரும்பியதை அவ்வசனம் எடுத்துரைக்கிறது. பெருமானார் வளைந்துகொடுக்கவில்லை.

கை, சோப்பு, பனிக்கட்டி, எண்ணெய் ஆகிய யாவும் மனிதனின் தோலோடு நின்றுவிடுபவை என்பதைக் கவனியுங்கள். இவற்றுள் ஒன்றேனும் உள்ளத்திற்குள் இறங்குவதில்லை. ஆனால் பெருமானார் இத்தீமைக்குச் சூட்டிய உவமை தோலோடு நிற்பதன்று. அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. நாயகத்தின் திருமுன்னர் ஒருவர் மற்றொருவரைப் புகழ்ந்தார். அதைக் கேட்ட நாயகம், உமக்குக் கேடுதான், உம் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீரே என்ற கருத்துப்படப் பலமுறை திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர் கழுத்தைத் தடவுதல் என்றதைக் கண்மணி நாயகம் கழுத்தை அறுத்தல் என்றார்கள். தடவும் கையில் கத்தி இருப்பதைக் குதிரை அறியாது.

ஒருவரை அளவு கடந்து புகழ்ந்த மற்றொருவரைக் குறித்து, அம்மனிதரின் முதுகை ஒடித்துவிட்டீர்கள் என்று நாயகம் மொழிந்ததாக அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். கழுத்து, முதுகு என்று எதைச் சொன்னாலும் அடி விழுவது புகழப்படுபவர் மீதுதான் என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். நாமோ, முகத்துதி செய்பவன் பொய் சொல்கிறான், அதனால் பாவம் அவனுக்கே என்று எளிதாகக் கணக்கு முடித்துவிடுகிறோம்.

மிக்தாத் (ரலி) அவர்கள் செய்த செயல் இன்னும் வியப்புக்குரியது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களை ஒருவர் முகத்துக்கு நேரே புகழத் தொடங்கினார். பருத்த உடலுடைய மிக்தாத் (ரலி) அவர்கள் முழந்தாளிட்டு அமர்ந்து, தரையிலிருந்த பொடிக்கற்களை அள்ளி அந்தப் புகழ்ந்தவரின் முகத்தில் எறியலானார்கள். உமக்கு என்ன நேர்ந்தது என்று உஸ்மான் (ரலி) கேட்டார்கள். மிகையாகப் புகழ்வோரைக் கண்டால் அவர்கள் முகத்தில் மண்ணைத் தூவுமாறு பெருமானார் பணித்திருக்கிறார்கள் என்று மிக்தாத் விடையிறுத்தார்கள். முஸ்லிம் நூலில் உள்ள செய்தி இது. மிக்தாத் அவர்கள் அதனைச் சொல்லுக்குச் சொல் செயற்படுத்தினார்கள். புகழ்ந்து பொருள் பெற வருவோரை வெறுங்கையோடு திருப்பியனுப்ப வேண்டும் என்பதே அதன் கருத்து என்று விளக்கிய அறிஞர்களும் உளர். எவ்வாறாயினும், புகழப்பட்டவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். ரூமா என்னும் கிணற்றை விலைக்கு வாங்கி மதீனத்து மக்களுக்கு வழங்கியவர். தபூக் படையெடுப்பின்போது வாரி வழங்கியவர். நாயகத்தின் இரு மகள்மாரை ஒருவர்பின் ஒருவராக மணந்தவர். அவரைப் பற்றிக் கூறிய புகழில் பொய்க்கு இடம் ஏது? இருந்தும் கற்கள் பறந்தன.

இந்த உஸ்மான் (ரலி) அவர்களின் பெயரைக் கொண்டுதான் நான் பெரும்பிழை செய்தேன்.

எங்கள் வட்டாரத்தில் மீன் வியாபாரத்தில் பொருளீட்டிய செல்வர் ஒருவர் இருக்கிறார். பள்ளிவாசல் விரிவாக்கத்திற்கு அவர் பெருந்தொகை வழங்கினார். திறப்பு நாளன்று கூட்டம் நிரம்பியிருந்தது. பேச எழுந்த நான் அவருடைய கொடையை எடுத்துரைத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். மைக் கையிலிருக்கும்போது நாக்கு நீண்டுவிடுகிறது. அவரை 'இக்காலத்து உஸ்மான்' என்றேன். ஏழைகளின் கண்ணீர் துடைக்கும் கரம் என்றேன். இத்தகையவர் நம்மிடையே வாழ்வது நாம் செய்த பாக்கியம் என்றேன். கூட்டம் மகிழ்ந்தது. அவர் தலைகுனிந்து புன்னகைத்தார். உண்மையைச் சொல்வதானால், மதில் வேலை இன்னும் மிச்சமிருந்தது. அது என் மனத்தின் ஒரு மூலையில் இருந்துகொண்டுதான் இருந்தது.

ஏறத்தாழ ஓராண்டு கழிந்திருக்கும். அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். வாயிலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கருக்களாச்சேரியைச் சேர்ந்த மீனவக் குடும்பம். கணவர் நோயுற்று இறந்து சில மாதங்களாகியிருந்தன. அவர் பிடித்துவந்த மீனைக் கடனாக எடுத்த வகையில் அந்தச் செல்வர் கொடுக்க வேண்டிய பாக்கி நின்றுகொண்டிருந்தது.

"ஐயா, முன்பெல்லாம் போய்க் கேட்டால் இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்பார். கொடுக்காவிட்டாலும், கொடுக்க வேண்டும் என்கிற நினைப்பு அவருக்கு இருந்தது. இப்போது, என்னைப் பற்றி ஊரே பேசுகிறது, நீ என்ன கணக்குக் கேட்க வந்துவிட்டாய் என்கிறார். பள்ளிவாசலில் நீங்கள்தான் அவரைப் பெரிய வள்ளல் என்று பேசினீர்களாமே. அவர் வள்ளல்தானா ஐயா? நீங்கள் விசாரித்துவிட்டுத்தான் சொன்னீர்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலை மதரஸாவில் ஓதியவன் நான். ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த அப்பேரறிஞர், நாவின் ஆபத்துகள் இருபதை விவரிக்குமிடத்தில் புகழ்ச்சியைப் பதினெட்டாவதாக வைக்கிறார்கள். அதனால் விளையும் கேடுகள் ஆறு என்றும், அவற்றுள் நான்கு புகழ்பவருக்கும் இரண்டு புகழப்படுபவருக்கும் உரியவை என்றும் வகுக்கிறார்கள். புகழ்பவர் வரம்பு மீறிப் பொய்யில் வீழ்கிறார். இல்லாத அன்பை இருப்பதாகக் காட்டி முகத்துதியாளராகிறார். தாம் உறுதியாக அறியாததைச் சொல்கிறார். அநீதி இழைப்பவரையும் மகிழ்வித்துவிடுகிறார். புகழப்படுபவரோ பெருமைக்கு ஆளாகிறார். தாம் செய்தது போதும் என்று அயர்ந்துவிடுகிறார். இப்பாடத்தை ஓதும்போது ஆறையும் விரல்விட்டு எண்ணி ஒப்பித்தேன். அன்று பள்ளிவாசல் வாயிலில், ஆறும் ஒரு சேர என் எதிரே நின்றன. விசாரித்தீர்களா என்று அந்த அம்மையார் கேட்டது மூன்றாவது. அயர்ந்துபோனார் என்று அவர் முறையிட்டது ஆறாவது. கஸ்ஸாலி இமாமை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

நாம் தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும் 'அல்ஹம்து லில்லாஹ்' என்று தொடங்கும் ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதுகிறோம். ஐவேளைக் கடமைத் தொழுகைகளை மட்டும் கணக்கிட்டால் நாளொன்றுக்குப் பதினேழு ரக்அத்துகள். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது என்று பதினேழு முறை சாட்சி கூறிவிட்டு, பள்ளிவாசலின் படியிறங்கியதும் அதனை எடுத்து வேறொருவருக்கு விநியோகம் செய்கிறோம். அதிலும், முகத்துக்கு நேரே செய்யும் துதியை 'முகஸ்துதி' என்று பெயரிட்டே வழங்குகிறோம். துதி யாருக்குரியது என்பதை இறைநம்பிக்கை கொண்ட ஒரு வீட்டில் குழந்தையும் சொல்லும். இறுதித் தூதரைக்கூட, மர்யமின் மைந்தர் ஈஸா (அலை) அவர்கள் விஷயத்தில் சிலர் வரம்பு மீறியதைப்போல் தம்மை மிகைப்படுத்தலாகாது என்றும், அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்றே தம்மைச் சொல்ல வேண்டும் என்றும் தடுத்ததை உமர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

நமது திருமண வீடுகளை எண்ணிப் பாருங்கள். நிக்காஹ் நடக்கும் தெருவின் முனையில் ஆளுயரப் பதாகை. அதில் மணமக்களைக் காட்டிலும் வாழ்த்துவோரின் படங்கள் பெரிது. அவர்களுக்குப் பட்டங்கள் வேறு. 2019 செப்டம்பர் 12ஆம் நாள் சென்னைப் பள்ளிக்கரணையில் நடந்ததை நாடறியும். ஒரு திருமணத்தை முன்னிட்டு, அனுமதியின்றிச் சாலை நடுவே வைக்கப்பட்டிருந்த பதாகைகளில் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்த இளம்பெண் மீது விழுந்தது. நிலைகுலைந்து வீழ்ந்த அவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி, அவர் உயிரிழந்தார். அந்தப் பெண்ணை யாரும் புகழவுமில்லை. அவர் யாருடைய புகழுக்கும் ஏங்கவுமில்லை.

ஆங்கிலச் சொல்லின் மற்றொரு வழக்கைக் கூறினேன் அல்லவா? உள்ளதைவிட அழகாகக் காட்டும் நிழற்படம். இன்று கைப்பேசியிலேயே முகத்தின் நிறத்தைக் கூட்டவும் தழும்பை மறைக்கவும் வழியிருக்கிறது. பெண் பார்க்கும் படலத்தில் இத்தகைய படங்களை அனுப்பிவிட்டு, நேரில் கண்டபோது ஏற்பட்ட மனத்தாங்கலைத் தீர்த்துவைக்க என்னை அழைத்த குடும்பங்களும் உண்டு. மாப்பிள்ளைப் படங்களும் அவ்வாறே என்பதை நடுநிலையோடு சொல்லிவிடுகிறேன். தமக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவர், பொய்யாலான இரண்டு ஆடைகளை உடுத்தியவரை ஒத்தவர் என்னும் கருத்துள்ள நபிமொழியை அஸ்மா (ரலி) அம்மையார் அறிவித்திருக்கிறார்கள். நம்பிக்கையாளர் மற்றொரு நம்பிக்கையாளரின் கண்ணாடி என்பதும் நபிமொழியே. கண்ணாடி முகத்தில் கரியிருந்தால் கரியைக் காட்டும். ஆனால் அக்கரியைத் தெருவில் போவோரிடம் சொல்லாது.

தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் வழக்கு இன்னும் ஆழமானது. தாம் செய்யாதவற்றிற்காகப் புகழப்படுவதை விரும்புவோர் வேதனையிலிருந்து தப்பிவிட்டதாக எண்ண வேண்டா என்று 'ஆல இம்ரான்' அத்தியாயத்தின் 188ஆம் வசனம் எச்சரிக்கிறது. உங்களை நீங்களே தூய்மையாளர் எனச் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்னும் கருத்தை 'அந்நஜ்ம்' அத்தியாயத்தின் 32ஆம் வசனம் தருகிறது. கஸ்ஸாலி இமாம் இம்மயக்கத்திற்கென்றே தனி நூற்பகுதி வகுத்து, அதில் ஏமாந்துபோகிறவர்களின் வரிசையை ஆலிம்களிலிருந்து தொடங்குகிறார்கள். செல்வர்கள் கடைசியில்தான் வருகிறார்கள். நம் முறை முன்னதாக வந்துவிடுகிறது!

"அப்படியானால் யாரையும் பாராட்டவே கூடாதா, ஹஜ்ரத்? வீட்டில் ஒரு நல்ல வார்த்தை பேசுவதும் குற்றமா?" என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். கூடாது என்று யார் சொன்னார்? நம் வீடுகளில் குறைவாக இருப்பதே அந்த நல்ல வார்த்தைதான். வெளியே மேடையில் அளவின்றிப் புகழும் ஆண்மகன், காலை முதல் அடுப்படியில் நின்றவரைப் பார்த்து ஒரு சொல் சொல்வதில்லை. உப்புக் குறைந்த நாளன்றுதான் அவன் வாய் திறக்கிறது. பெருமானார் உணவை ஒருபோதும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள். ஒருநாள் வீட்டாரிடம் தொட்டுக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டார்கள். புளிக்காடி மட்டுமே இருப்பதாகச் சொல்லப்பட்டது. அதனைக் கொண்டுவரச் சொல்லி உண்டபடியே, புளிக்காடி எவ்வளவு நல்ல தொடுகறி என்று சிறப்பித்தார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. அதில் யாருக்கும் ஐஸ் வைக்கவில்லை. வீட்டில் வேறொன்றுமில்லையே என்று கூசிய உள்ளங்களைத் தேற்றினார்கள். கணவனும் மனைவியும் அன்பை வளர்ப்பதற்காகச் சற்றுக் கூட்டிப் பேசிக்கொள்வதற்கும் நம் மார்க்கத்தில் இடமுண்டு என்பது உம்மு குல்தூம் (ரலி) அம்மையாரின் அறிவிப்பால் விளங்கும். அந்தச் சலுகையைத்தான் நாம் பயன்படுத்துவதே இல்லை!

மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராகார் என்பதும் நபிமொழி. ஆகவே கொடுத்தவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். எவ்வாறு சொல்வது? கழுத்தை அறுத்துவிட்டீர் என்று கடிந்த அதே நபிமொழியின் பிற்பகுதியில் நாயகம் வழியும் காட்டியிருக்கிறார்கள். ஒருவரைப் புகழ்ந்தே ஆகவேண்டிய நிலை வந்து, அவர் அத்தகையவர் என்று அறிந்துமிருந்தால், இன்னாரை நான் இவ்வாறு எண்ணுகிறேன், அவரைக் கணக்கிடுபவன் அல்லாஹ், அவனை முந்திக்கொண்டு நான் யாரையும் தூய்மைப்படுத்திச் சொல்லமாட்டேன் என்ற அளவில் கூற வேண்டும். 'எண்ணுகிறேன்' என்னும் அவ்வொரு சொல்லை நான் திறப்பு நாளன்று சேர்த்திருந்தால்கூட, அந்தப் பெண்மணிக்கு என்னால் விடை கூறியிருக்க முடியும்.

நம் பெரியோர் மற்றொரு வேறுபாட்டையும் கற்பித்துள்ளனர். முதாஹனா என்பது எண்ணெய் பூசுவது என்று கண்டோம். 'முதாராத்' என்பது வேறு. அது நயந்து நடந்துகொள்வது. இம்மை நலனுக்காக மார்க்கத்தை விட்டுக்கொடுப்பது முதலாவது. மார்க்க நலனுக்காகவோ, மக்களிடையே இணக்கத்திற்காகவோ நமக்குரிய உலகியல் உரிமையை விட்டுக்கொடுப்பது இரண்டாவது. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா, ஹாரூன் (அலை) ஆகிய இருவருக்கும், அவனிடம் மென்மையாகப் பேசுங்கள் என்றே இறைக்கட்டளை வந்தது ('தாஹா' அத்தியாயம், 44ஆம் வசனம்). நானே கடவுள் என்றவனிடம் மென்மை! அதே ஃபிர்அவ்னிடம் சூனியக்காரர்களும் வந்தார்கள். நாங்கள் வென்றால் எங்களுக்குக் கூலி உண்டா என்று முதலில் கேட்டார்கள். உண்டு, அத்துடன் நீங்கள் எனக்கு நெருக்கமானவர்களாகவும் ஆவீர்கள் என்று அவன் வாக்களித்தான். மூஸா நபியின் நாவிலும் மென்மை. அவர்கள் நாவிலும் பணிவு. கேட்பவனுக்கு எது வேண்டும் என்று எண்ணிப் பேசியவர் நபி. தமக்கு எது கிடைக்கும் என்று எண்ணிப் பேசியவர்கள் மற்றவர்கள். அச்சூனியக்காரர்கள் பின்னர் உண்மையை உணர்ந்து சஜ்தாவில் விழுந்து, உயிரையும் பொருட்படுத்தாமல் நின்றது தனி வரலாறு.

ஆட்சியாளரிடம் சென்றால் ஒன்று பேசுகிறோம், வெளியே வந்தால் வேறொன்று பேசுகிறோம் என்று சிலர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கூறியபோது, நாயகத்தின் காலத்தில் இதனை நாங்கள் நயவஞ்சகம் என்று கருதிவந்தோம் என்று அவர்கள் விடையளித்தார்கள். அன்று என் நிலை அதுவாகவே இருந்தது. அந்தச் செல்வரைப் பற்றி வெளியில் மக்கள் முணுமுணுத்ததை நானும் அரசல்புரசலாகக் கேட்டிருந்தேன். கேட்காததுபோல் மைக்கைப் பிடித்தேன்.

அம்மையாரை அனுப்பிவைத்த அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் அவர் வீட்டிற்குத் தனியாகச் சென்றேன். தேநீர் கொடுத்தார். மதில் வேலைக்காக வந்திருப்பேன் என்று நினைத்தார்போலும். எவ்வளவு தேவைப்படும் என்று அவராகவே கேட்டார். நான் பேச்சை வேறு வழியில் தொடங்கினேன். "திறப்பு நாளில் உங்களைப் பற்றி நான் அறியாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். உங்களை உஸ்மான் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு அதனால் தீங்கு செய்துவிட்டேன், என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு கருக்களாச்சேரிக் கணக்கைச் சொன்னேன்.

அவர் சினந்தார். "ஹஜ்ரத்துமா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள்?" என்றார். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. விடைபெறும்போது வாசல்வரை வந்தார். "அன்றைக்கு நீங்கள் பேசியபோது தடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கேட்க நன்றாக இருந்ததே, என்ன செய்ய?" என்றார். நபித்தோழர் ஒருவர், தம்மை யாரேனும் புகழ்ந்தால், இவர்கள் சொல்வதற்காக என்னைத் தண்டித்துவிடாதே, இவர்கள் அறியாத என் குற்றங்களை மன்னித்துவிடு என்று இறைவனிடம் இறைஞ்சுவாராம். அதை அப்போது அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் சேர்த்துத்தானே அந்தத் துஆ.

கணக்குப் புத்தகம் எடுக்கப்பட்டது. அந்த அம்மையாருக்கு உரிய தொகை இரண்டு தவணைகளில் சென்று சேர்ந்தது. சேர்ந்துவிட்டது என்பதை அவரே வந்து சொன்னார்; வேறெதுவும் சொல்லவில்லை. மதில் வேலை நெடுநாள் நின்றுபோய், பின்னர் ஜமாஅத்தார் பலர் சிறுகச் சிறுகக் கொடுத்து முடிந்தது. இப்போது எங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் கணக்கு வாசிக்கும்போது தொகையும் செலவும் மட்டுமே வாசிக்கப்படுகின்றன. பெயரை ஏன் வாசிப்பதில்லை என்று குறைப்படுவோரும் இருக்கின்றனர்.

அந்தச் செல்வர் ஜும்ஆவுக்கு வேறு பள்ளிவாசலுக்குச் செல்லலானார். வழியில் கண்டால் ஸலாம் உரைப்பார், நின்று பேசுவதில்லை. சென்ற ரமலானில் பள்ளிவாசல் உண்டியலில் ஓர் உறை கிடந்தது. உள்ளே பணமும், கருக்களாச்சேரி ஏழைக் குடும்பங்களுக்கு என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன, பெயரில்லை. கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான்.